நாற்பதில் ஒரு பங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மளிகைக்கடை நடத்துகிறது. ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தே, 20 கிராம் குறைந்தாலும் சொல்லிவிடுவேன் என்பார் என் தந்தை. ஆனால் போன மாதம் 25 கிலோ அரிசி மூட்டையில் 200 கிராம் குறைந்திருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. கை மதிப்பு என்பது உண்மையா, வெறும் பெருமையா?
(ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: பருப்பில் தெரிந்ததும் அரிசியில் தெரியாமல் போனதும் ஒரே விதிக்குள் அடங்குபவைதாம். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர், எடைகளை ஆட்களிடம் கொடுத்து, எவ்வளவு வேறுபட்டால் அது தெரிகிறது என்று பொறுமையாகச் சோதித்து, முடிவுகளை 1834இல் லத்தீன் மொழி நூலொன்றில் வெளியிட்டார். நமக்குத் தெரிவது இரண்டு எடைகளுக்கும் இடையில் எத்தனை கிராம் என்பதன்று. அந்த வேறுபாடு மொத்த எடையில் எத்தனையில் ஒரு பங்கு என்பதே என்று அவர் கண்டார். கையால் தூக்கிப் பார்க்கும்போது அது ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. கையை மேசைமேல் வைத்து, அதன்மேல் எடையை வைத்தால் நுட்பம் குறைந்து முப்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. தோலோடு தசையும் சேர்ந்து தகவல் சொல்வதால்தான் தூக்கும் கைக்கு இந்த மேன்மை. ஆகவே, பொட்டலத்தை இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கும் கடைக்காரர் வழக்கம் வீண் பாவனை இல்லை.

இனி கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோவில் நாற்பதில் ஒரு பங்கு 25 கிராம். 25 கிலோவிலோ 625 கிராம். மூட்டையில் குறைந்த 200 கிராம் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது; அது தெரியாமல் போனதற்காக உங்கள் தந்தை வருந்த வேண்டியதில்லை.

பருப்பில் அவர் சொல்லும் 20 கிராமும் எல்லைக்குச் சற்றுக் கீழேதான். ஆனால் இந்த எல்லை, இந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கம் தெரியாது என்று பிரிக்கும் மதில் அன்று. ‘இரண்டில் எது கனம்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால், குருட்டாம்போக்கில் சொல்பவருக்கே நூற்றுக்கு 50 சரியாக வரும்; 75 சரியாக வரும் இடத்தை எல்லை என்று வைத்துக்கொள்வது ஆய்வாளர்களின் வழக்கங்களில் ஒன்று. அதற்கும் கீழான வேறுபாட்டைக் கை சில சமயம் பிடித்துவிடும், சில சமயம் தவறவிடும். பயிற்சியும் எல்லையைச் சற்று இறக்கும். பிடித்த நாட்கள் நினைவில் நிற்கின்றன, தவறிய நாட்கள் மறந்துபோகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், அவர் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்பதே என் கணிப்பு. மிகச் சிறிய எடைகளில் இந்த விகிதம் ஒட்டி வராது என்பதும் நினைவில் இருக்கட்டும்: ஒரு கிராமில் நாற்பதில் ஒரு பங்கை எந்தக் கையும் உணராது.

கேள்வி: ஒரு கிலோ இரும்பு, ஒரு கிலோ பஞ்சு, எது கனம் என்ற பழைய கேள்வியை என் மகளிடம் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கிய பிறகும், தூக்கினால் இரும்புதான் கனம் என்று பிடிவாதம் பிடிக்கிறாள்.
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: தராசு உங்கள் பக்கம், கை உங்கள் மகள் பக்கம். எடை ஒன்றாகவும் உருவம் வேறாகவும் உள்ள இரண்டு பொருள்களைத் தூக்கினால் சிறியதே கனமாகத் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்பான்தியே 1891இல் இதை விவரித்தார். பெரியது கனமாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் கை ஆயத்தமாவதால் அது லேசாகப் படுகிறது என்பது வழக்கமான விளக்கம். எனக்கு இது போதவில்லை. ஏனென்றால், சில முறை தூக்கியதும் விரல்கள் சரியான அழுத்தத்துக்குப் பழகிவிடுகின்றன, கனமாகத் தோன்றுவது மட்டும் மாறுவதில்லை. எடை ஒன்றுதான் என்று தெரிந்திருப்பதும் உதவுவதில்லை.

வெபரும் இதற்கு நெருங்கிய ஒரு வேடிக்கையைக் கண்டிருந்தார். நெற்றியில் வைத்த குளிர்ந்த வெள்ளி நாணயம் ஒன்று, வெதுவெதுப்பான நாணயங்கள் இரண்டின் கனத்தைக் காட்டியது. அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகளில் சில, குளிர்ச்சிக்கும் துடிப்பதே காரணம் என்று கருதப்படுகிறது.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு நாதஸ்வரத்துக்குப் பதிலாக இரண்டு வைத்தோம். செலவு இரட்டித்தது, ஓசை இரட்டிக்கவில்லையே, ஏன்?
(ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: லைப்சிக்கிலேயே இருந்த இயற்பியலாளர் குஸ்தாவ் ஃபெக்னர், 1850 அக்டோபர் 22 காலையில் படுக்கையில் கிடந்தபடி இதற்கு விடை யோசித்தார். வெபரின் விகிதத்தை விரித்து, தூண்டல் மடங்கு மடங்காகப் பெருகும்போது உணர்வு படிப்படியாகவே ஏறுகிறது என்று 1860இல் நூலாக எழுதினார். ஒலியை அளக்கும் டெசிபலும் இப்படி மடங்கைப் படியாக்கும் அளவுகோல்தான். ஒரே அளவு ஒலிக்கும் இரண்டாவது நாதஸ்வரம் சேரும்போது 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதாவது பத்து நாதஸ்வரங்கள். ஏறக்குறைய ஒரு டெசிபல் மாறினால்தான் காது கவனிக்கும் என்பதால், இரண்டாமவர் வந்தது எல்லோருக்கும் தெரியும். பத்துப் பேருடன் பதினோராவது ஆளைச் சேர்த்தாலோ, கூடுவது அரை டெசிபலுக்கும் குறைவு. அவருக்குக் கொடுக்கும் சம்பளம் காதுக்கு எட்டாது.

ஃபெக்னரின் சூத்திரமே முடிந்த முடிவன்று. ஒவ்வொரு புலனும் ஒவ்வொரு வேகத்தில் ஏறுகிறது என்று ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1957இல் எழுதினார். மின்னதிர்ச்சியில் கதை தலைகீழ்: மின்னோட்டத்தை இரட்டித்தால் வேதனை பல மடங்காகிறது.

கேள்வி: காப்பித்தூளில் சிக்கரியைக் கொஞ்சம் கூட்டினேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்கிறார் கணவர். நம்பலாமா?
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: பொதுவாக நாக்கு, கையளவு நுட்பமானதன்று; சந்தேகப்படுவதில் தவறில்லை. மூன்று டம்ளர்களில் இரண்டில் ஒரு தூளையும் ஒன்றில் மற்றதையும் கலந்து, ஒத்துவராதது எது என்று மட்டும் கேளுங்கள். பாலும் சர்க்கரையும் சூடும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்; சூடு மாறினாலே சுவை மாறும். ஊகத்தில் மூன்றில் ஒரு முறை சரியாக வந்துவிடும் என்பதால், வரிசையை மாற்றி மாற்றி நான்கு முறை செய்யுங்கள். நான்கும் சரியாக அமைய ஊகத்துக்கு உள்ள வாய்ப்பு 81இல் ஒன்று. டம்ளர்களை வைத்ததும் சமையலறைக்குள் போய்விடுங்கள். மனைவியின் முகத்தைப் பார்த்தே விடை சொல்லும் கணவர்கள் உண்டு.