கெட்டவனாக விளையாட வழி இருந்தும் பெரும்பாலோர் ஏன் நல்லவனாகவே விளையாடுகிறார்கள்?

ஃபேன்டஸி ஆர்பிஜி கேம்களில் (ஒரு கதாபாத்திரமாகவே மாறி விளையாடுபவை) கொள்ளையடிக்கலாம், நம்பியவர்களைக் காட்டிக்கொடுக்கலாம், ஊரையே கொளுத்தலாம். இத்தனை சுதந்திரம் கொடுத்தும் பெரும்பாலோர் நல்லவர்களாகவே விளையாடுவது ஏன், நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நல்லவர்கள் கட்சிதான். ஆனால் அதற்காக என் மனசாட்சிக்கு யாரும் நற்சான்றிதழ் தர வேண்டாம். நான் நல்லவனாக விளையாடுவதற்குக் காரணம் கருணை அல்ல, பேச்சுத்துணை. கெட்டது செய்யச் செய்ய இந்த கேம்களில் நம்மோடு பேசுவதற்கு ஆள் குறைந்துகொண்டே போகிறது. ஐம்பது, அறுபது மணி நேரம் ஓர் உலகத்தில் இருக்கப் போகிறேன் என்றால் அங்கே நாலு பேர் வேண்டாமா?

மனிதன் அடிப்படையில் நல்லவன், அதனால் கேமிலும் நல்லவனாக இருக்கிறான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதே நல்லவர்கள் ஸ்கைரிம் (2011) கேமில் செய்ததைப் பாருங்கள். கடைக்காரர் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்து அவர் பார்வையை மறைத்துவிட்டு, கடையையே வழித்தெடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வித்தையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கொள்ளையர் கூடாரம் என்று பெயர் இருந்துவிட்டால் போதும். உள்ளே புகுந்து அத்தனை பேரையும் கொன்று, செத்தவன் காலில் கிடக்கும் செருப்பைக்கூடக் கழற்றி விற்கிறோம். அப்போதெல்லாம் தூங்குகிற மனசாட்சி, யாராவது முகம் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டால் மட்டும் விழித்துக்கொள்கிறது. கொள்ளையனுக்கு நம்மோடு பேச வசனம் எழுதப்படவில்லை. அவன் செய்த பிழை அவ்வளவுதான்.

பால்டர்ஸ் கேட் 3 (2023) இதற்கு நல்ல உதாரணம். முதல் பகுதியில் ட்ரூயிட்கள், அதாவது இயற்கையை வழிபடும் மந்திரவாதிகள், வாழும் ஒரு தோப்பு வருகிறது. தலையில் கொம்பும் பின்னால் வாலும் கொண்ட டீஃப்ளிங் அகதிகள் அங்கே தஞ்சம் புகுந்திருக்கிறார்கள். சிலையைத் திருடினாள் என்று அரபெல்லா என்ற சிறுமியைப் பிடித்து, அவள் முன்னால் ஒரு விஷப்பாம்பை நிறுத்தியிருக்கிறாள் காகா என்ற ட்ரூயிட். நாம் பேச வேண்டும். பேச்சு பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. பலிக்காமல் போனால் பாம்பு கொத்திச் சிறுமி செத்துவிடலாம். அந்த இடத்தில், முன்பு சேமித்து வைத்த ஆட்டத்தை (சேவ்) மறுபடி திறக்காமல் மேலே போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதே தோப்பை அழிக்க, கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் படையோடு மினதாரா என்ற தலைவி தேடிக்கொண்டிருக்கிறாள். தோப்பு இருக்கும் இடத்தை அவளிடம் சொல்லி, நாமே வாயிலைத் திறந்துவிடலாம். கேம் தடுப்பதில்லை. கிடைப்பது மினதாராவின் கூட்டும், ஓர் இரவுக் கொண்டாட்டமும். இழப்பதோ பெரிது. நமக்குத் துணையாக வரும் கார்லாக், வில் என்ற இருவரும் நம்மைவிட்டுப் போய்விடுவார்கள். ட்ரூயிட்களின் தலைவர் ஹால்சின் துணைக்கு வர மாட்டார். தோப்பில் பார்த்த கொல்லன் டேமனையும் மற்ற அகதிகளையும் இரண்டாம் பகுதியில் மறுபடி சந்திக்கும் காட்சிகள் வராது; அவர்களைச் சுற்றிய குவெஸ்டுகளும் (கேம் நமக்குத் தரும் பணிகள்) அதோடு போயின. கெட்டவனுக்காக அந்த அளவுக்கு வேறு ஆட்களும் வேறு கதைகளும் எழுதி வைத்திருக்கிறார்களா என்றால், இல்லை. பாதி உலகத்துக்கு முழு விலை கொடுத்த கதைதான்.

இதை எழுத்தாளர்களின் சோம்பல் என்று சொல்வதும் நியாயம் இல்லை. ஒவ்வொரு கிளைக்கும் வசனம் எழுத வேண்டும், குரல் பதிவு செய்ய வேண்டும், முகபாவம் அமைக்க வேண்டும். மாஸ் எஃபெக்ட் விண்வெளிக் கதைதான் என்றாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தத் தொடரில் வேலை செய்த ஒரு வடிவமைப்பாளர், விளையாடியவர்களில் ஏறத்தாழ 92 சதவீதம் பேர் நல்ல வழியையே எடுத்தார்கள் என்று 2020இல் ட்விட்டரில் எழுதினார். முரட்டு வழிக்கும் தாங்கள் நிறைய உழைத்திருந்தோம் என்பது அவருடைய ஆதங்கம். பத்தில் ஒருவர்கூடப் பார்க்காத காட்சிக்கு அடுத்த கேமில் யார் பணம் ஒதுக்குவார்கள்? அதனால் தீய வழி இன்னும் ஒல்லியாகிறது. ஒல்லியானதை விளையாட ஆள் வருவதில்லை.

ஆரம்பத்தில் கதை வேறு மாதிரி இருந்தது. 1985இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய அல்டிமா 4 கேமில் கொல்வதற்கு ஒரு பெரிய வில்லனே கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு நற்குணங்களிலும் தேறுவதுதான் கதையின் நோக்கம். மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. எத்தனை காசு கொடுக்கிறோம் என்பதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே ஒரு காசு கொடுத்தாலும் பொருள் கைக்கு வந்துவிடும். எச்சரிக்கை மணியும் அடிக்காது, திரையில் சிவப்பு எழுத்தும் வராது. ஆனால் நேர்மைக் கணக்கு உள்ளே குறைந்திருக்கும். அரண்மனையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய்க் கேட்டால்தான் நம் நிலைமை தெரியும். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்த மூலிகைக் கடை அளவுக்கு நுட்பமான சோதனையை அதன் பிறகு வந்த பல பெரிய கேம்கள் வைக்கவில்லை என்பது என் கட்சி. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்கிறான் என்பதை அது பார்க்கிறது. ஆனால் அங்கும் நல்லவனாக இருப்பது விருப்பம் அல்ல, நிபந்தனை. எட்டிலும் தேறாமல் கேமை முடிக்க முடியாது.

அடுத்து வந்தவர்கள் அந்தக் கணக்கைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் (2003), ஃபேபிள் (2004) போன்றவற்றில் சித்திரகுப்தன் நம் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து ஏடு எழுதுகிறார். ஃபேபிளில் பாவம் ஏறினால் தலையில் கொம்பு முளைக்கும், புண்ணியம் ஏறினால் ஒளிவட்டம். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அளவுகோல் கண்ணுக்குத் தெரிந்தவுடன் யோசனை நின்றுவிடுகிறது. ஏதாவது ஒரு கோடிக்குப் போனால்தான் அதன் சலுகை கிடைக்கும் என்றால், நடுவில் நிற்பவனுக்கு நஷ்டம். முதல் அரை மணி நேரத்தில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் அந்தப் பக்கத்துப் பதிலை இயந்திரமாக அழுத்திக்கொண்டிருப்போம். தீய பதில்கள் எழுதப்படும் தரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உதவி கேட்டவனைத் திட்டு, பிச்சை கேட்டவனை உதை, பத்துக் காசு கூடுதலாகக் கேள். இது தீமை கூட இல்லை, அற்பத்தனம். உலகத்தையே ஆளத் துடிப்பவன் எதற்காக ஒரு கிழவியின் மோதிரத்துக்கு அலைய வேண்டும்?

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009) இந்த அளவுகோலைத் தூக்கி எறிந்தது, யாருக்கு நம்மைப் பிடிக்கிறது, யாருக்குப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த ஒரே கேமில் மிக மோசமான தர்மசங்கடமும் இருக்கிறது, மிகச் சிறந்ததும் இருக்கிறது.

மோசமானது ரெட்கிளிஃப் கோட்டை. கானர் என்ற சிறுவனைப் பேய் பிடித்திருக்கிறது. அவனைக் கொல்லலாம். அல்லது அவன் தாய் இசோல்ட் தன் உயிரைத் தர முன்வருகிறாள். அவள் ரத்தத்தை வைத்து மந்திரம் செய்து அவனை மீட்கலாம். கேட்கவே நெஞ்சு அடைக்கும் நிலைமை. ஆனால் மூன்றாவது வழி ஒன்று உண்டு: மந்திரவாதிகளின் கோபுரத்துக்குப் போய் உதவி கேட்பது. நாம் போய்வருவதற்குள் பேய் மறுபடி ஊரை அழித்துவிடுமோ என்ற பயத்தைக் கேம் கிளப்புகிறது. போய்வாருங்கள், ஒன்றும் ஆகாது. சிறுவனும் பிழைப்பான், தாயும் பிழைப்பாள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு அங்கே எடை போட என்ன இருக்கிறது? மூன்றாவது கதவைக் கண்டுபிடித்தாயா இல்லையா என்ற புதிர் மட்டும்தான்.

சிறந்தது, பூமிக்கடியில் இருக்கும் குள்ளர்களின் நகரமான ஓர்சமர். அரசன் இறந்துவிட்டான். அரியணைக்கு இருவர் போட்டி. ஹாரோமான்ட் சொன்ன சொல் தவறாதவர், கண்ணியமானவர், மரபைப் போற்றுபவர். பெலன் சொந்த அண்ணனின் கொலைக்குப் பின்னால் நின்ற சதிகாரன். யாரை ஆதரிப்பது என்பதில் என்ன குழப்பம் என்று தோன்றும். ஹாரோமான்டுக்கு முடிசூட்டிவிட்டுக் கேமை முடித்தால், இறுதியில் வரும் எழுத்துகளில் விளைவு தெரிகிறது. அவர் போற்றிய மரபு, சாதி அடுக்கில் இடமே இல்லாதவர்களின் கழுத்தை இன்னும் இறுக்குகிறது. நகரம் வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறது. பெலன் முடிசூடினால் முதலில் எதிராளியின் தலையை வாங்குவான். பின்னால் சபையையும் கலைப்பான். ஆனால் அந்தச் சாதியற்றவர்களுக்கு உரிமைகள் கிடைக்கும், மேலுலகத்தோடு வணிகம் பெருகும். யாரோடு உட்கார்ந்து பேச நமக்குப் பிடிக்கிறதோ அவரையே நல்ல அரசர் என்று நினைத்துவிடுகிற பழக்கத்தை ஓர்சமர் சரியாகப் பிடித்துவிட்டது.

விட்சர் தொடர் இன்னொரு வழியைக் கையாண்டது. 2007இல் வந்த முதல் கேமிலேயே முடிவுகளின் பலன் உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்துத் தெரியும்போது பழைய சேவுக்குத் திரும்புவது என்பது அத்தனை உழைப்பையும் தூக்கிப்போடுவது. விட்சர் 3 (2015) கேமில் மரத்தடியில் அடைபட்ட ஆவி ஒன்று, என்னை விடுவித்தால் சதுப்பு நிலத்துச் சூனியக்காரிகளிடமிருந்து அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. விடுவித்தால் அது சொன்னபடியே செய்கிறது. கூடவே டவுன்வாரன் என்ற ஊரையும் அழிக்கிறது. அப்புறம், அந்தப் பகுதியை ஆளும் ரத்தப் பிரபு என்பவரின் மனைவி சாகிறாள், அவரும் தூக்கில் தொங்குகிறார். ஆவியைக் கொன்றிருந்தால் குழந்தைகள் பலியாகியிருப்பார்கள். பிரபுவோ சித்தம் கலங்கிய மனைவியை அழைத்துக்கொண்டு வைத்தியம் தேடிப் புறப்பட்டிருப்பார். பிரபு குடிகாரர், மனைவியை அடித்தவர். இருந்தும் அவர் தூக்கில் தொங்குவதைப் பார்த்து வருந்துகிறவர்கள்தான் அதிகம். குழந்தைகளோடு ஓரிரு காட்சிதான். பிரபுவின் கதையை அவர் வாயாலேயே அத்தனை நேரம் கேட்டிருக்கிறோம் இல்லையா?

ஸ்கைரிமின் பார்த்தர்னாக்ஸ் விஷயமும் இதுவேதான். பார்த்தர்னாக்ஸ் பழைய கொடுமைகளில் பங்கெடுத்த டிராகன். இப்போது மலையுச்சியில் உட்கார்ந்து தியானம் செய்கிறது, நம் குருவாகிறது. அதைக் கொன்றால்தான் மேற்கொண்டு உதவி என்று டிராகன் வேட்டைக்காரி டெல்ஃபின் பிடிவாதம் பிடிக்கிறாள். அவள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் விளையாடியவர்கள் பொங்கி எழுந்தார்கள். அவளை எதிர்த்துப் பேச வழி வைக்கும் மாட் (ரசிகர்களே கேமில் செய்யும் மாற்றம்) ஒன்று பெரும் புகழ் பெற்றது. தலைக்கு வாளி கவிழ்த்த அதே ஆட்கள்தான்.

காலியாவதையே கதையாக்கிய கேம் ஒன்றும் உண்டு: டோபி ஃபாக்ஸின் அன்டர்டேல் (2015). எதிரில் வருகிற எல்லோரையும் கொன்று தீர்க்கலாம். ஆனால் ஆட்கள் தீர்ந்த பிறகு சண்டைத் திரை திறந்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஊருக்குள் போனால் கடையில் ஆள் இல்லை. என் குடும்பத்தை விட்டுவிடுங்கள் என்று ஒரு குறிப்பு மட்டும் கிடக்கும். பொருள்களை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மற்ற கேம்களில் பட்ஜெட் போதாமல் ஏற்படும் வெறுமையை இது வேண்டுமென்றே செய்கிறது. அதனால்தான் அந்த வழியை முடித்தவர்கள்கூட அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

கெட்டவனாக மனமார விளையாட முடிந்தது எனக்கு டிரனியில்தான் (2016). அங்கே தீய பேரரசு கதை தொடங்கும் முன்பே வென்றுவிட்டது. நாம் அதன் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரி. மேலதிகாரி டூனான் இருக்கிறார், ஒன்றையொன்று வெறுக்கும் இரண்டு படைகள் இருக்கின்றன, அவரவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கெட்டவனுக்கும் சக ஊழியர்கள் உண்டு, வம்பு உண்டு, வாக்குவாதம் உண்டு. தனியாக நின்று ஊரைக் கொளுத்துகிற அலுப்பு இல்லை. கேம் கொஞ்சம் சட்டென்று முடிந்துவிடும், அது ஒரு குறைதான்.

நீங்கள் இதுவரை கெட்டவனாக விளையாடியதில்லை, ஒரு முறை முயன்று பார்க்கலாம் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள். பால்டர்ஸ் கேட் 3 கைவசம் இருந்தால் டார்க் அர்ஜ் கதாபாத்திரத்தை எடுக்கலாம். கொலை வெறி உள்ளேயே ஊறியவன், அதை எதிர்ப்பதா இணங்குவதா என்பது கதை நெடுக வரும் போராட்டம். மினதாரா வேண்டும் என்பதற்காகத் தோப்பைப் பலி கொடுக்கத் தேவையில்லை. சண்டையில் அவளைக் கொல்லாமல் மயக்கமடையச் செய்தால் போதும், பிற்பாடு துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம். விளையாடியவர்கள் குறுக்கு வழியாகக் கண்டுபிடித்ததை கேமை உருவாக்கிய லேரியன் நிறுவனமே பேட்ச் (திருத்தம்) போட்டு முறைப்படுத்திவிட்டது. வாடிக்கையாளர் மனம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.