பிப்ரவரி 22இல் பிறந்த பேத்தி

கேள்வி: என் பேத்திக்கு வரும் பிப்ரவரி 22ஆம் தேதி 16 வயது நிறைகிறது. மண்டபம் பேசியாகிவிட்டது. தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும் இறந்ததும் அதே தேதிதான், இறந்ததும் 16 வயதில்தான் என்று எங்கோ படித்துவிட்டு என் அக்கா, "ஆகாத நாள், தள்ளி வை" என்கிறார். தள்ளி வைக்கலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அக்கா படித்தது சரி, பயந்ததுதான் தப்பு. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை, 1914இல் அதே பிப்ரவரி 22இல் கண்மூடினார். உயிரை எடுத்தது தேதியா? சிறை, அம்மா! ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியையும், கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் செல்லாது என்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் எதிர்த்துத் தாயோடு போராட்டத்தில் இறங்கிய பெண். மூன்று மாதக் கடுங்காவல் என்று மாரிட்ஸ்பர்க் சிறையில் போட்டார்கள். காய்ச்சலோடு வெளியே வந்தவர் அதிக நாள் நிலைக்கவில்லை. சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டதற்கு, இப்போது பிடித்தாலும் போவேன் என்றாராம்.

கஸ்தூர்பாவும் 1913இல் அதே மாரிட்ஸ்பர்க் சிறையில் இருந்தவர்தான். அவர் புனேயில் காவலில் இறந்தது 1944 பிப்ரவரி 22. இதை அக்காவிடம் சொல்லாதீர்கள், இன்னும் பயப்படுவார்! போயர் போரில் மாஃபெகிங் முற்றுகையில் பேர் வாங்கிய, சாரணர் இயக்கம் தொடங்கிய பேடன் பவல் பிறந்ததும் இதே தேதி என்று வேண்டுமானால் சொல்லுங்கள்; 83 வயது வரை இருந்தார்.

இன்னொரு வேடிக்கை. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது காலண்டர் காட்டியது பிப்ரவரி 11. ஆங்கிலேயர்கள் 1752இல் 11 நாளைத் தூக்கிப் போட்ட பிறகுதான் அது 22 ஆனது. அக்காவுக்கு நாள் பார்க்கத்தான் வேண்டுமென்றால் பஞ்சாங்கத்தைப் புரட்டட்டும். இங்கிலீஷ் தேதி ஒன்றுதான் என்றாலும் நட்சத்திரமும் திதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும்.

அதனால் மண்டபத்தை விடாதீர்கள். ஆனால் பேத்தியிடம் வள்ளியம்மையை மறைக்க வேண்டாம். அவள் வயதுப் பெண்ணின் கதை. பயமுறுத்தாமல், நீங்களே சொல்லுங்கள். முந்தின சனிக்கிழமை மாரிட்ஸ்பர்க் வரை ஒரு நடை கூட்டிப் போய் வரலாம், காரில் ஒரு மணி நேரம்தானே. விழா அன்று முதல் கிண்ணம் சோஜி அக்காவுக்கு.