ஓட்டை விழுந்த கரித்தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கரி அடுப்பில் கனல் கிடக்கும் பகுதியை ஆங்கிலத்தில் ஃபயர்பாக்ஸ் என்பார்கள். அதைத் தீப்பெட்டி என்று மொழிபெயர்த்தால் அது பெட்டிக்கடைச் சரக்காகிவிடும் என்பதால், இங்கே அதைக் கரித்தொட்டி என்றே எழுதுகிறேன்.

கேள்வி: பெசன்ட் நகரில் எங்கள் மொட்டை மாடியில் இருக்கும் பார்பிக்யூ அடுப்பின் அடித்தகட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. வாங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. ஒரு துண்டுத் தகட்டை வைத்து வெல்டிங்கில் பற்றவைத்தால் போதாதா?

பதில்: போதாது. உங்கள் கண்ணில் படும் ஓட்டை, தகடு முற்றிலும் தீர்ந்துபோன இடம் மட்டுமே. அதைச் சுற்றியுள்ள பகுதியும் காகிதம்போல் மெலிந்திருக்கும். ஒரு சிறு சுத்தியலை எடுத்து, ஓட்டையின் விளிம்பிலிருந்து வெளிப்புறமாக மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். முதலில் மங்கலாக, செத்த ஒலி வரும், கூடவே துருச் செதில்கள் உதிரும். ஓரிடத்தில் ஒலி 'ணங்' என்று மாறும். நல்ல தகடு அங்கேதான் தொடங்குகிறது. அந்த எல்லைக்கு உள்ளே பற்றவைக்கப் போனால், ஒட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் ஓட்டை பெரிதாகும்.

தகட்டை அரித்தது நெருப்பு மட்டுமே என்று எண்ண வேண்டாம். கனிந்த கரி 700 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும் என்பதும், அந்தச் சூட்டில் இரும்பு செதில் விட்டு உதிரும் என்பதும் உண்மைதான். ஆனால் அடுப்பு எரியாத நாள்களில்தான் பெரும் சேதம் நடக்கிறது. கரிச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மசாலா தடவிய இறைச்சியிலிருந்து சொட்டும் உப்பும், உங்கள் பகுதியின் கடற்காற்று கொண்டுவரும் உப்பும் அதனுடன் சேர்ந்தால், சாம்பல் ஒரு களிம்பாகித் தகட்டின்மேல் வாரக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். சமைத்த மறுநாளே சாம்பலை அள்ளிவிட்டால் ஆயுள் கூடும்.

பழுதுக்கு என் யோசனை இது. மெலிந்த பகுதியை ஆங்கிள் கிரைண்டரால் அறுத்து நீக்கி, தொட்டிக்குள் 3 மில்லிமீட்டர் எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) தகடு ஒன்றைப் பற்றவைக்காமல் வெறுமனே படுக்க வையுங்கள். 600க்கு 300 மில்லிமீட்டர் அளவானால் அது நாலேகால் கிலோ இருக்கும். தகடு சூட்டில் நீளும் என்பதால் நீளவாட்டில் இருபுறமும் 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நாற்புறமும் பற்றவைத்த தகடு நீள வழியின்றி நடுவில் புடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் 40 அல்லது 50 மில்லிமீட்டர் உயரத்தில், 12 மில்லிமீட்டர் கம்பிகளாலான ஒரு தட்டியை வைத்து, கரியை அதன்மேல் போடுங்கள். சாம்பல் கீழே விழும், காற்று அடியிலிருந்து ஏறும், கனல் தகட்டைத் தொடாது. நான் இதைப் பழுதுபார்ப்பு என்றுகூடச் சொல்லமாட்டேன். புதிய அடுப்பிலேயே இருந்திருக்க வேண்டிய அமைப்பு இது.

கேள்வி: கூரை வேய்ந்ததில் மிச்சமான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு இருக்கிறது. அதைத் தொட்டிக்குள் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகிவிடும். கனலின் சூட்டில் புகையாகவும் எழும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வரும். பட்டறைகளில் வெல்டிங் செய்பவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

கேள்வி: எவர்சில்வர் தகடு போட்டால் அரிப்புத் தொல்லை ஒழியுமா?

பதில்: குறையும், ஒழியாது. 304 ரகம் என்றால் வாங்குங்கள். விலை குறைவாகக் கிடைக்கும் 202 ரகத்தில் நிக்கல் குறைவு. உப்பு பட்டால் அதுவே முதலில் துருப்புள்ளி விடும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரியும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம், இரண்டு ரகத்திலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. இன்னொன்று, எவர்சில்வர் சாதாரண இரும்பைவிடச் சூட்டில் அதிகமாக நீளும்; ஆகவே மேலே சொன்ன இடைவெளியை இன்னும் தாராளமாக விட வேண்டும்.

கேள்வி: திருநெல்வேலியில் அல்ஃபஹம் (கரியில் சுடும் அரபுக் கோழி) கடை நடத்துகிறேன். தினமும் ஐந்தாறு மணி நேரம் எரியும் அடுப்பின் பக்கத் தகடுகள் வெளியே உப்பிவிட்டன. செங்கல் பதிக்கலாமா?

பதில்: உங்கள் பயன்பாட்டுக்குத் தகடு மாற்றுவதைவிடக் கல் பதிப்பதே சிறந்தது, கரிச் செலவும் குறையும். ஆனால் வீடு கட்டும் செங்கல் வேண்டாம். தீச்செங்கல் என்று கேட்டு வாங்குங்கள். வழக்கமான அளவு 230க்கு 115க்கு 75 மில்லிமீட்டர். ஒன்று ஏறத்தாழ 4 கிலோ எடை. மேலே சொன்ன அளவுள்ள அடிப்பகுதிக்கு மட்டுமே ஏழு கல், அதாவது 28 கிலோ ஆகும் என்பதால், முதலில் அடுப்பின் கால்களைச் சோதியுங்கள். ஆழம் குறைவான தொட்டிக்குப் பாதித் தடிமன் கற்களும் கிடைக்கும்.

பூசுவதற்குத் தீக்களிமண் சாந்தைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானே அவசரத்தில் சாதாரண சிமெண்டை வைத்துப் பூசி, மறுநாளே மூட்டினேன். அரை மணி நேரத்தில் 'பட் பட்' என்று வெடித்து, சில்லுகள் கோழியின் மேலேயே விழுந்தன. உள்ளே அகப்பட்ட ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாததே காரணம். ஆகவே கல் பதித்த பிறகு இரண்டு மூன்று நாள் நிழலில் உலரவிட்டு, முதல் நாள் ஒரு கைப்பிடி கரி, அடுத்த நாள் அரைத் தொட்டி என்று படிப்படியாகச் சூடேற்றுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் பீங்கானாலான கமாடோ அடுப்பு வைத்திருக்கிறேன். உள்தொட்டியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். தூக்கிப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரே வார்ப்பாக இருக்கும் உள்தொட்டி சூட்டில் விரிந்து சுருங்கும்போது கீறல் விடுவது வழக்கம். துண்டுகள் தம் இடத்தில் நிற்கும்வரை சமையலுக்குக் குறைவில்லை. துண்டு சரிந்து காற்றுத்துளையை மறைத்தால் மட்டும் உள்தொட்டியை மாற்றுங்கள். அப்போது பல துண்டுகளாகப் பிரித்துச் செய்யப்பட்டதாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: பழுது முடிந்ததும் எந்தப் பெயிண்ட் அடிப்பது?

பதில்: உள்ளே எதுவும் வேண்டாம். வெளிப்புறத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, 600 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் பெயிண்டை மெல்லியதாக இரண்டு முறை அடியுங்கள். பிறகு ஒருமுறை கரியை மட்டும் எரித்து, பெயிண்ட் வாடை நின்ற பின்பே கம்பி வலையில் இறைச்சியை வையுங்கள்.