எலிக்குக் குணமானது அம்மாவுக்கும் குணமாகுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 56. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். ஒரு வருடமாக விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை, நடையும் தள்ளாடுகிறது. கழுத்தில் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) நசுங்கியிருக்கிறது, சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். இதே நோயுள்ள எலிகளை ஒரு மருந்து தேற்றியதாக ஃபோனில் படித்தேன். அதை அம்மாவுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா? – வாசகி, ஹட்டன்

பதில்: நீங்கள் படித்தது ரிலூசோல் என்ற மருந்தைப் பற்றியதாக இருக்கும். செய்தி பொய்யில்லை, பாதிதான் வந்திருக்கிறது. எலிகளில் நல்ல பலன் காட்டிய முக்கியமான ஆய்வில், முதலில் சத்திரசிகிச்சை செய்து அழுத்தத்தை எடுத்தார்கள். மருந்து அதற்குத் துணையாகத்தான் போனது.

இப்படிப்பட்ட சில ஆய்வுகளில் எலிக்கு நோயை எப்படி வரவைக்கிறார்கள் என்று பாருங்கள். கழுத்தெலும்புக்கு அடியில், முண்ணாணுக்கு மேலே, மெல்லிய பொலிமர் துண்டு ஒன்றைச் செருகுகிறார்கள். ஊறப்போட்ட கடலை மாதிரி அது ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. எலி உடனே விழுந்துவிடுவதில்லை. கொஞ்ச நாள் ஓடியாடித் திரியும், அப்புறம் மெல்ல மெல்லக் கால் இழுக்கும். உங்கள் அம்மா ‘திடீரென்று வந்த வருத்தம்’ என்று நினைத்திருப்பார். அவருக்கோ எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருந்து தேய்ந்த இடைத்தட்டு, வளர்ந்த எலும்பு முனை, தடித்த தசைநார் எல்லாமாகச் சேர்ந்து பல வருடம் நெருக்கியிருக்கும். நெருக்க நெருக்கச் சிறு இரத்தக்குழாய்கள் வாடுகின்றன, நரம்பிழைகளின் உறை உரிகிறது, கடைசியில் நரம்புக் கலங்களே சாகின்றன. செத்த கலம் திரும்பி வராது. எலியிடம் கற்ற பாடங்களில் எனக்குப் பெரியது இதுதான்.

ஆனால் எலி மனிதரில்லை. நாலு காலில் நடப்பது. கைகாலை ஆட்டுவிக்கும் மூளைக் கட்டளை நமக்கு முண்ணாணின் பக்கவாட்டில் இறங்குகிறது, எலிக்குப் பின்புறத்தின் நடுவில். ஒரே அழுத்தம் இரண்டு பேருக்கும் ஒரே சேதத்தைச் செய்யும் என்று சொல்ல முடியாது. (செயற்கையாகச் செருகாமலே இந்த வருத்தம் வரும் விலங்கும் உண்டு: டோபர்மேன் நாய். பங்களாக்களில் வளர்ப்பவர்கள், பின்னங்கால் தள்ளாடினால் கவனியுங்கள்.)

ரிலூசோலை மனிதரிலும் பரிசோதித்தார்கள். வட அமெரிக்காவில் 300 நோயாளிகள், எல்லோருக்கும் சத்திரசிகிச்சை. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2021இல் முடிவு வந்தது: ஆறு மாதத்தில் இரு சாராரின் கைகால் இயக்கத்திலும் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. ஆகவே அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இன்றைக்கு வீட்டில் ஒன்று செய்யுங்கள். அம்மாவைக் கையை நன்றாக விரித்து, இறுக்கி மூடச் சொல்லி எண்ணுங்கள். பத்து விநாடியில் இருபது தடவையாவது வர வேண்டும். இரண்டு கைக்கும் எண்ணி எழுதி, சட்டைக் கொக்கி மாட்ட முடிகிறதா என்பதையும் சேர்த்து, கிளினிக்கில் காட்டுங்கள். நடையே தள்ளாடுவதால் தவணையைத் தள்ளிப்போடாதீர்கள். இருப்பதை மேலும் கெடாமல் காப்பதுதான் சத்திரசிகிச்சையின் முதல் வேலை. பலருக்குக் கொஞ்சம் தேறவும் செய்கிறது.

அதுவரை நெற்றியில் கயிறு மாட்டிக் கூடை சுமக்க வேண்டாம். சலூனிலோ வீட்டிலோ யாரும் கழுத்தைத் திருகி நெட்டி முறிக்கவும் கூடாது. சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, கால் சட்டென்று பலமிழந்தாலோ, கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.