லாங் ரன்னுக்கு மறுநாள் சி.ஆர்.பி. எகிறினால்...

கேள்வி: வயது 38. சென்னை மாரத்தானுக்காக வாரம் 45 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவன், மூன்றே வாரத்தில் 70-க்குப் போய்விட்டேன். கால் கனக்கிறது, தூக்கம் கெட்டுவிட்டது, காலை நாடித்துடிப்பு 54-லிருந்து 62 ஆகிவிட்டது. ஞாயிறு 28 கி.மீ. ஓடிவிட்டுத் திங்களன்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன், சி.ஆர்.பி. (உடலில் அழற்சியைக் காட்டும் புரதம்) 9. இது ஓவர்டிரெய்னிங்கா (அளவுமீறிய பயிற்சியால் வரும் தளர்ச்சியா)? வலி மாத்திரை இபுபுரூஃபென் போட்டுக்கொண்டு ஓடலாமா?

பதில்: ரத்தம் கொடுத்த நாள் சரியில்லை. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் யாருக்குமே சி.ஆர்.பி. ஏறும். சிதைந்த தசை இழைகள் சீராக அழற்சி வேண்டும். அது அடங்குவதற்குள் அடுத்த கடினமான ஓட்டம் ஓடுவதில்தான் சிக்கல். தசைச் சிதைவால் சுரக்கும் சைட்டோகைன்கள் (அழற்சிச் செய்தியைக் கடத்தும் புரதங்கள்) மூளைவரை எட்டிச் சோர்வையும் தூக்கக்கேட்டையும் உண்டாக்குகின்றன என்பது 2000-இல் லூசில் ஸ்மித் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருதுகோள். உங்கள் அறிகுறிகளோடு அது பொருந்துகிறது. ஆனால் ஓவர்டிரெய்னிங்கை உறுதிசெய்ய எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை. ஓய்வுக்குப் பின் வேகம் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

எனவே இரண்டு வாரத்துக்கு இன்டர்வெல் (விட்டுவிட்டு வேகமாக ஓடும் பயிற்சி), லாங் ரன் இரண்டும் வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 30 நிமிடம் போதும். பிறகு வழக்கமான 5 கி.மீ. பாதையில் நேரம் பாருங்கள். பழைய வேகம் வந்துவிட்டால் வாரம் 40 கி.மீ.யில் தொடங்கி மெல்ல ஏற்றலாம்; நான்காவது வாரம் தோறும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். வராவிட்டால் மருத்துவரிடம் தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் புரதம்) பார்க்கச் சொல்லுங்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால் இரண்டு மூன்று நாள் ஓடாமல் இருந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பலரும் கோட்டை விடுவது அங்கேதான். வெறும் வயிற்றில் கறுப்புக் காபி குடித்துவிட்டு 28 கி.மீ. ஓடினால், கிளைகோஜன் (தசையில் சேமித்த மாவுச்சத்து) வற்றிய தசை இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைனை ஏராளமாக வெளிவிடும். அது ஹெப்சிடின் என்ற ஹார்மோனைத் தூண்ட, ஓடி முடித்த 3 முதல் 6 மணி நேரத்தில் இரும்புச்சத்து உடலில் சேருவது குறையும். கிளம்புமுன் இரண்டு இட்லி. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பெரிய வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் கிடைக்கும்.

இபுபுரூஃபென் கூடவே கூடாது. உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் காப்பவை புரோஸ்டகிளாண்டின்கள். இந்த மாத்திரை அவற்றையே தடுக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் அது இரட்டை ஆபத்து. ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.