ஓவியருக்கு ஒரு விசிட்டிங் கார்டு: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோயிலில் காவடித் திருவிழாவின்போது ஸ்டால் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கார்டு கொடுத்தேன் அக்கா. ஒருவர்கூட கூப்பிடவில்லை. கார்டில் என்ன தப்பு?
- சாட்ஸ்வொர்த் வாசகி

கொடுத்த விதத்தைத்தான் மாற்ற வேண்டும், தங்கச்சி. கூட்டத்தில் எல்லோருக்கும் நீட்டினால், அதை நோட்டீஸ் மாதிரி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றவரிடம் முதலில் பேசுங்கள். எது பிடித்தது, எந்தச் சுவருக்கு யோசிக்கிறார் என்று கேளுங்கள். அப்புறம் கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுங்கள்: "மயில், அக்ரிலிக், 40 × 60 செ.மீ.", பக்கத்தில் விலை. வீட்டில் கணவரிடமோ மகளிடமோ காட்டும்போது எந்தப் படம் என்ற குழப்பமே வராது.

இதைவிட முக்கியம், அவருடைய எண்ணையும் கேட்டு வாங்குவது. அவரே கூப்பிடட்டும் என்று காத்திருந்தால் நிறைய விற்பனை கைநழுவிப் போகும். இரண்டு மூன்று நாளுக்குள், அவர் பார்த்த அதே படத்தின் புகைப்படத்தோடு ஒரு செய்தி அனுப்புங்கள். ஆனால் கிடைத்த எண்களையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா சட்டமும் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளர் அல்லாத ஒருவருக்கு மின்வழியில் விளம்பரம் அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும். "புதுப் படம் வரைந்தால் அனுப்பட்டுமா?" என்று ஸ்டாலிலேயே கேட்டு, பதிலைக் குறித்து வையுங்கள்.

விற்ற படத்தோடும் ஒரு கார்டு போகட்டும். சட்டகத்தின் பின்பலகையில் சின்ன உறை ஒட்டி அதற்குள் வையுங்கள். கேன்வாஸிலோ காகிதத்திலோ நேரடியாகப் பசையும் டேப்பும் படக் கூடாது, காலப்போக்கில் கறை பிடிக்கும். பல வருடம் கழித்து அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளி "யார் வரைந்தது?" என்று கேட்டால், பதில் அங்கேயே இருக்கும். நீங்கள் கொடுக்கும் கார்டுகளிலேயே மதிப்பு மிகுந்தது இதுதான் என்பேன்.

கார்டில் எத்தனை படம் போடலாம்?
- ஃபீனிக்ஸ் வாசகர்

ஒன்று. இங்கே வழக்கமான அளவு 90 × 50 மி.மீ.; அதற்குள் ஆறு படத்தைத் திணித்தால் ஒன்றும் தெரியாது. முழுப் படம் சின்னதாகிப் போகிறது என்றால், அதில் உயிருள்ள ஒரு பகுதியை மட்டும் வெட்டி முன்பக்கம் முழுக்கப் போடுங்கள். டிஜிட்டல் அச்சில் ஒரே விவரத்தோடு நாலைந்து வெவ்வேறு படங்கள் அடிக்க முடியுமா என்று அச்சகத்தில் கேளுங்கள். முடியுமென்றால் விரித்துக் காட்டி, "பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். அவர் எடுப்பதே அவருடைய ரசனையைச் சொல்லிவிடும்.

வெட்டும்போது போவதற்காக ஓரத்தில் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு, 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கோப்பு தயாரியுங்கள். குறைந்தது 1134 × 661 பிக்சல் வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். திரையில் பளிச்சென்று இருக்கும் நீலமும் ஊதாவும் அச்சில் மங்கும். ஒரு மாதிரி அச்சு பார்க்காமல் மொத்தமாக அடிக்கச் சொல்லாதீர்கள். பின்பக்கத்துக்கு லேமினேஷன் வேண்டாம், அதில் பேனா எழுதாது.

பெயரைத் தமிழிலும் போட ஆசை. கேலரிக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?
- பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

தாராளமாகப் போடுங்கள். இந்த நாட்டின் 1996 அரசியலமைப்பே, மதிப்போடு வளர்க்க வேண்டிய சமூக மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆங்கிலத்தில் படிக்கிற மாதிரி பெயர், அதன் கீழே தமிழ்ப் பெயர், அவ்வளவு போதும். ஒரு எச்சரிக்கை: தமிழ் எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். அடிப்பதற்கு முன்னால் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

வீட்டு முகவரி, கியூஆர் குறியீடு எல்லாம் வேண்டுமா?
- லெனேசியா வாசகர்

வீட்டு முகவரி வேண்டாம், பாதுகாப்பு முக்கியம். ஊர் பெயர் போதும். தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீடான +27 போட்டு, முதல் சுழியத்தை விட்டு எழுதுங்கள்; வெளிநாட்டுக்காரரும் கூப்பிடலாம். கியூஆர் 2 செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக, சுற்றிலும் வெற்றிடத்தோடு இருக்கட்டும். சந்தா கட்டும் குறியீடு வேண்டாம், பணம் நின்றால் கார்டும் செத்துப்போகும்.

டர்பன் ஆர்ட் கேலரியில் இன்னொருவருடைய கண்காட்சித் திறப்பு விழாவுக்குப் போகிறேன். பொறுப்பாளரிடம் கார்டு கொடுக்கலாமா?
- அம்ஜெனி வாசகர்

அன்றைக்கு அது அந்த ஓவியருடைய மாலை, தம்பி. பொறுப்பாளரே கேட்டால் மட்டும் கொடுங்கள். சக ஓவியர்களோடு மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை. கூட்டுக் கண்காட்சி வாய்ப்புகள் பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான் வருகின்றன. கேலரிக்கு மறுவாரம் மின்னஞ்சலில் நேரம் கேட்டு, படங்களோடு போங்கள்.

முதல் தடவை எத்தனை அடிக்கலாம்?
- வெருலம் வாசகி

100 போதும். எண்ணும் மாறும், உங்கள் பாணியும் மாறும்.