கரண்ட் வைக்கும்போது கஞ்சித் தண்ணீர் மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கன்னத்தில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்கு தினமும் பஸ்ஸில் போய் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்கிறார். மூன்று வாரம் ஆகிறது. வாயெல்லாம் புண்; கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது. 58 கிலோ இருந்தவர் 54 ஆகிவிட்டார். பால், முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும், இனிப்பு கட்டியை வளர்க்கும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மூக்கில் டியூப் போடலாம் என்கிறார் டாக்டர். பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பத்தியத்தை நிறுத்துங்கள். பால், முட்டை, மீனால் சீழ் பிடிக்காது. புண் ஆறவே புரதம் வேண்டும். இனிப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது, அப்பாதான் கிடப்பார். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு கிலோ என்பது அவர் எடையில் சுமார் 7 சதவீதம். மூன்று வாரத்தில் இது அதிகம். முகம் இளைத்தால் கரண்ட் வைக்கும்போது மாட்டும் மாஸ்க் தளர்ந்துவிடும். சில சமயம் திரும்ப ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட வேண்டிவரும். உடம்பு தாங்காமல் சிகிச்சை நடுவில் நின்றால் பலனும் குறையும்.

அவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1700 கலோரியும் 70 கிராம் புரதமும் வேண்டும். 20 கிராம் அரிசி போட்ட ஒரு டம்ளர் கஞ்சியில் 70 கலோரிதான் தேறும். எட்டு டம்ளர் குடித்தாலும் 600-ஐத் தொடாது. அவரால் நிறைய குடிக்க முடியாது என்பதால், குடிக்கிற ஒவ்வொரு மடக்கிலும் சத்தை ஏற்றுவதுதான் வழி.

சம்பா அறுத்த வயலில் எடுத்த உளுந்தும் பயறும் உங்கள் வீட்டிலேயே இருக்குமே! 25 கிராம் அரிசியோடு 20 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, 100 மில்லி பாலும் ஒரு டீஸ்பூன் நெய்யும் சேர்த்து மிக்ஸியில் அடித்து வடிகட்டுங்கள். சுமார் 250 கலோரி, 10 கிராம் புரதம். தேங்காய்ப்பால் விட்ட உளுந்தங்கஞ்சியும் அப்படித்தான். நன்றாக வெந்த முட்டையைக் கஞ்சியோடு சேர்த்து அடிக்கலாம். பச்சை முட்டை, அரைவேக்காடு வேண்டாம். விரால் மீன் கொடுப்பதானால் முள் பார்த்து எடுத்து, மசாலா இல்லாமல் மசித்துக் கொடுங்கள். காரம், புளி, சூடு மூன்றும் புண்ணில் எரியும், ஆறவைத்தே கொடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பஸ், காத்திருப்பு என்று பாதிப் பகல் போய்விடும், அந்த நேரத்தில்தான் இரண்டு வேளை விட்டுப்போகிறது. பிளாஸ்க்கில் எடுத்துப் போய் வரிசையில் உட்கார்ந்தபடியே குடிக்கட்டும். டாக்டர் தந்த வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து அடிக்கடி வாய் கொப்பளிக்கட்டும். விழுங்கக் கூடாது.

டியூப் விஷயத்துக்கு வருவோம். "டியூப் போட்டால் அவ்வளவுதான்" என்று ஊரில் பேசுவார்கள். அது தற்காலிக ஏற்பாடு. புண் ஆறி, வாய்வழியாகப் போதுமான அளவு சாப்பிட ஆரம்பித்ததும் எடுத்துவிடுவார்கள். உங்கள் அப்பா இளைத்திருப்பதைப் பார்த்தால், நான் தள்ளிப்போடச் சொல்லமாட்டேன். வடிகட்டியதை மட்டும் ஊற்றுங்கள்; ஊற்றியபின் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். அப்போதும், பிறகு ஒரு மணி நேரமும் தலை உயர்ந்தே இருக்கட்டும். டாக்டர் அனுமதித்தால் வாயிலும் ஓரிரு மடக்கு விழுங்கச் சொல்லுங்கள். பழக்கம் விட்டால் விழுங்கும் தசைகள் சோம்பிவிடும்.

விழுங்கும்போது புரையேறி இருமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை ஒரே மெஷினில் எடை பாருங்கள். கரண்ட் முடிந்த கையோடு புண் ஆறிவிடாது. அடுத்த சில வாரங்களும் இதே சாப்பாடுதான். நாக்கு ருசி திரும்ப மாதங்கள்கூட ஆகலாம். வாய்க்கு ருசியில்லை என்று வெற்றிலை பாக்கு கேட்டால் கொடுக்காதீர்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும்.